பனிமலை ஆசான்

பாரத நாட்டின் வடவெல்லையில் வான்முகட்டைத் தொடுவதுபோல நிமிர்ந்து நிற்பது இமயமலை. ஆண்டு முழுவதும் வெண்பனி போர்த்து விளங்கும் அம்மலையைப் புலவர் பலர் போற்றிப் பாடியுள்ளனர். சேர வேந்தர் தம் விற்பொறியை அதன்கண் பொறித்தனர் எனப் பழந்தமிழ் நூல்கள் கூறும். ஆயினும் அம்மலைத்தொடரின் தலையாய முடியில் அடிவைத்தார் நெடுங்காலம் ஒருவரும் இலர். எவரெஸ்டு என்னும் அக்கொடுமுடி 29,000 அடிக்கும் மேற்பட்ட உயரம் உடையது. 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் அதன் உச்சியை இருவர் அடைந்தனர். ஒருவர் நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த எட்மண்டு ஹில்லாரி. மற்றவர் ஷெர்ப்பா இனத்தைச் சேர்ந்த டென்சிங் நார்கே.

டென்சிங் உச்சியை அடைந்த செய்தியை உலகம் நன்கு அறியும். அவ்வெற்றிக்குப் பின் அவர் செய்த செயலோ அத்துணை அறியப்படவில்லை. உலகின் முடியில் நின்று மீண்ட அவர், அடுத்த ஆண்டே வேற்று நாடு சென்று மாணவராய் அமர்ந்தார். பின்னர் ஆசிரியராகி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இளைஞர்களுக்கு மலையேற்றக் கலையைக் கற்பித்தார். ஏறியவரின் புகழினும் ஏற்றிவிட்டவரின் புகழ் சிறிதன்று.

டென்சிங் 1914ஆம் ஆண்டில் பிறந்தார். பிறந்த நாள் இன்னதென எவரும் குறித்து வைக்கவில்லை. அதனால் பிற்காலத்தில் எவரெஸ்டை அடைந்த மே 29ஆம் நாளையே அவர் தம் பிறந்தநாளாகக் கொண்டார். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி என்பது. பின்னர் மடாலயத் தலைவர் ஒருவரின் அறிவுரைப்படி அப்பெயர் டென்சிங் நார்கே என மாற்றப்பட்டது. தந்தையார் கவரிமா மேய்த்து வாழ்ந்த ஏழை. உடன்பிறந்தார் பலர்; அவருள் இளமையிலேயே இறந்தவரே மிகுதி. எவரெஸ்டை அடுத்த சோலு கும்பு என்னும் மலைநாட்டில் சிறுவன் டென்சிங் கவரிமாக்களை ஓட்டித் திரிந்தான். அந்நாட்டு மக்கள் எவரெஸ்டைச் சோமோலுங்மா என வழங்குவர். எந்நேரமும் கண்முன் நின்ற அம்மலை அவன் உள்ளத்தைக் கவர்ந்தது.

அவ்வூர்களில் அக்காலத்தில் பள்ளி இல்லை. டென்சிங் எழுத்தறியாமலே வளர்ந்தார். பிற்காலத்தில் தம் பெயரை எழுதப் பழகினாரேயன்றி நூல்களைப் படிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் பல மொழிகளைச் செவிவழியாகக் கேட்டே பேசக் கற்றார். கேட்டும் கண்டும் கற்கும் அவ்வாற்றலே அவர்தம் வாழ்வுக்கு வழிகாட்டியாயிற்று.

வங்காளத்தின் வடபால் உள்ள டார்ஜிலிங் நகரிலிருந்தே அந்நாளில் மலையேற்றக் குழுக்கள் புறப்பட்டன. 1932ஆம் ஆண்டில் டென்சிங் அந்நகரை அடைந்தார். மறு ஆண்டு எவரெஸ்டுக்குப் புறப்பட்ட குழு ஒன்றில் சேர விரும்பிச் சென்றார். நீண்ட சடையைக் களைந்து நேபாளியரைப் போல உடுத்தியிருந்தமையால், ஷெர்ப்பா அல்லர் எனக் கருதி அவரை மறுத்துவிட்டனர். டென்சிங் வருந்தினார், ஆனால் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1935ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன் என்பார் தம் குழுவிற்கு ஆட்களைத் தேர்ந்தபோது மீண்டும் சென்று நின்றார். முன் அனுபவம் உண்டென்று காட்ட அவரிடம் நற்சான்று ஏதும் இல்லை. அவரது முகமலர்ச்சி ஒன்றே அவருக்குத் துணையாயிற்று. ஷிப்டன் அவரைச் சுமையாளராக ஏற்றுக்கொண்டார்.

அன்று தொடங்கிய பயிற்சி பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. பனியில் அடிவைக்கும் முறையும், கயிற்றைக் கையாளும் வகையும், பனிக்கோடரியால் படி வெட்டும் திறமும் டென்சிங் தம்முடன் சென்றவர்களைப் பார்த்தே கற்றார். 1936ஆம் ஆண்டிலும் 1938ஆம் ஆண்டிலும் அவர் எவரெஸ்டுக்குச் சென்றார். 1938ஆம் ஆண்டில் 27,000 அடிக்கும் மேலே சுமை கொண்டு சென்றமைக்காக அவருக்குப் புலிப் பதக்கம் வழங்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் நந்தாதேவி மலையில் பிரெஞ்சு வீரர் இருவர் காணாமற் போயினர். அவரைத் தேடிச் சென்ற டென்சிங்கும் லூயி துபோஸ்டு என்பாரும் நந்தாதேவி கிழக்கு என்னும் கொடுமுடியின் உச்சியை அடைந்தனர். தம் வாழ்நாளில் ஏறியவற்றுள் மிகக் கடியது அம்முடியே என டென்சிங் கருதினார்.

1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டார் எவரெஸ்டுக்குச் சென்றனர். அக்குழுவில் டென்சிங் சுமையாளரின் தலைவராக மட்டுமன்றி, மலையேறும் வீரருள் ஒருவராகவும் மதிக்கப்பட்டார். அங்கு அவருக்கு ரேமண்டு லாம்பர் என்னும் அரிய தோழர் வாய்த்தார். லாம்பர் முன்னொருகால் கடுங்குளிரால் தம் கால்விரல்களை இழந்தவர். இருவரும் உரையாடப் பொதுவானதொரு மொழி இல்லை. ஆயினும் ஒருவர் குறிப்பை மற்றவர் உணர்ந்தனர். ஓரிரவு ஏறத்தாழ 27,500 அடி உயரத்தில் சிறு கூடாரம் ஒன்றில் இருவரும் தங்க நேர்ந்தது. போர்த்துறங்கும் பைகளும் இல்லை; அடுப்பும் இல்லை. மெழுகுவத்தியின் சுடரில் பனிக்கட்டியை உருக்கி நாவை நனைத்தனர். குருதி உறையாதிருக்க ஒருவரை ஒருவர் தட்டியும் தேய்த்தும் விடியுமளவும் விழித்திருந்தனர். மறுநாள் 28,000 அடியைக் கடந்து சென்றனர். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் உடல் ஓய்ந்தது. பிராணவாயுக் கருவியும் செவ்வனே உதவவில்லை. மேலும் ஏறினால் மீளல் அரிது என உணர்ந்து இருவரும் திரும்பினர். உச்சியை நோக்கி ஏறுவதற்கு வேண்டும் துணிவினும், உச்சி அருகிருக்கத் திரும்புவதற்கு வேண்டும் துணிவு பெரிது. அவ்வுண்மையை டென்சிங் அன்று கற்றார். அவர் தம் மாணவருக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவும் ஒன்று.

மறு ஆண்டு ஜான் ஹண்டு என்பார் தலைமையில் ஆங்கிலேயர் குழு புறப்பட்டது. டென்சிங்குக்கு எவரெஸ்டை நோக்கிய ஏழாவது முயற்சி அது. பனிவீழ்ச்சிப் பகுதியில் ஒருநாள் ஹில்லாரி பிளவு ஒன்றைத் தாண்டிக் குதித்தார். அவர் குதித்த பனிவிளிம்பு உடைந்து, அவரையும் கொண்டு பிளவினுள் வீழ்ந்தது. பின்னே வந்த டென்சிங் நொடிப்பொழுதும் தாழாது தம் பனிக்கோடரியைப் பனியில் ஊன்றி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கினார். கயிறு விறைத்து நின்றது. ஹில்லாரி உயிர் பிழைத்தார். அன்றுமுதல் அவ்விருவரும் ஒரு கயிற்றில் இணைந்து ஏறத் தக்கவராயினர்.

மே 28ஆம் நாள் இரவை இருவரும் ஏறத்தாழ 27,900 அடி உயரத்தில் கழித்தனர். ஹில்லாரி கழற்றி வைத்த காலணிகள் குளிரில் கல்லெனக் கட்டிப்போயின. அவற்றை அடுப்பின் சூட்டில் இளக்க இரண்டு மணிநேரம் ஆயிற்று. டென்சிங் தம் காலணிகளைக் கழற்றாமலே துயின்றார். காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, பதினொன்றரை மணியளவில் உச்சியை அடைந்தனர். ஏறத்தாழக் கால்மணிநேரம் அங்கே நின்றனர். ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகளைக் கட்டிய பனிக்கோடரியை டென்சிங் உயர்த்திப் பிடித்தார். தம் மகள் கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் இனிப்புப் பண்டங்களையும் பனியில் புதைத்துக் காணிக்கையாக்கினார். மலையை அவர் வெல்லுதற்குரிய பகையாகக் கருதியவர் அல்லர். வணங்குதற்குரிய தாயாகவே கருதினார்.

கீழே இறங்கியபோது மலையினும் கடியதொரு சோதனை அவருக்குக் காத்திருந்தது. உச்சியில் முதலில் கால்வைத்தவர் யார் என மக்கள் வினவத் தொடங்கினர். டென்சிங்கே முதல்வர் என ஆர்ப்பரித்தோர் பலர். அவர் எந்நாட்டினர் என்பது பற்றியும் வழக்கு எழுந்தது. ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்ட இருவருள் முன்பின் என்னும் வேறுபாடு மலையேறுவோர்க்குப் பொருளற்றது. ஆதலின் இருவரும் ஏறத்தாழ ஒருசேரவே அடைந்தோம் எனத் தோழர்கள் தெரிவித்தனர். வழக்கோ ஓயவில்லை. 1955ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங் உண்மையை ஒளிக்காமல் உரைத்தார். முன்னே சென்று முதலில் அடிவைத்தவர் ஹில்லாரி. தாம் அவரை அடுத்து வந்தவர் என்பதே அவர் கூற்று. அவர் வாய் திறவாதிருந்தால் உலகில் ஒரு பாதியேனும் அவரையே முதல்வர் எனக் கொண்டிருக்கும். வாராத புகழைத் தேடிச் செல்வாரும் உளர். டென்சிங்கோ தம்மைத் தேடி வந்த புகழையும் உண்மையல்லாதது என அறிந்து விலக்கினார். ஆசிரியராதற்கு முதற்பெருந்தகுதி அதுவேயன்றோ?

எவரெஸ்டு வெற்றியால் இந்திய இளைஞரிடையே மலையேற்றத்தில் ஆர்வம் பெருகியது. ஆனால் முறையாகக் கற்பிக்க நம் நாட்டில் அந்நாளில் பள்ளி ஏதும் இல்லை. ஆர்வம் மட்டும் கொண்டு பனிமலை செல்வோர் உயிரை இழப்பர். இதனை உணர்ந்த பிரதமர் ஜவகர்லால் நேருவும், மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயும் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவ முனைந்தனர். டென்சிங்கைப் போன்ற வீரர் ஒருவர் போதாது, ஆயிரவர் உருவாக வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. களப்பயிற்சி இயக்குநர் பொறுப்பை ஏற்குமாறு டென்சிங்கை வேண்டினர்.

இசைந்த டென்சிங் உடனே கற்பிக்கப் புகவில்லை. தமக்குத் தெரிந்ததொன்றைச் செய்தல் வேறு. அதனைப் பிறர்க்கு முறைப்படக் கற்பித்தல் வேறு என அவர் அறிந்திருந்தார். 1954ஆம் ஆண்டில் ஷெர்ப்பாக்கள் அறுவருடன் சுவிட்சர்லாந்துக்குப் பயணமானார். அவருள் அவர் உறவினராகிய இளைஞர் நவாங் கோம்புவும் ஒருவர். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் ரோசன்லாய் என்னுமிடத்தில் அர்னால்டு கிளாட்டார்டு என்னும் வழிகாட்டி மலையேற்றப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். அப்பள்ளியில் டென்சிங் மாணவரானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. எவரெஸ்டை ஏறியவர் முடிச்சுப் போடுதல் முதலாக எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து பயின்றார். எதை முன் கற்பிப்பது, எதைப் பின் கற்பிப்பது, பிழை செய்யும் மாணவனை எங்ஙனம் திருத்துவது என்பனவற்றை அங்கே தெளிந்தார். உலகப் புகழ் அவர் கற்பதற்குத் தடையாகவில்லை.

1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கப்பெற்றது. நேரு அடிக்கல் நாட்டினார். படைத்துறையைச் சேர்ந்த நரேந்திர தார் ஜெயால் கழகத்தின் முதல் முதல்வரானார். களப்பயிற்சி முழுவதும் டென்சிங்கின் பொறுப்பில் அமைந்தது.

கழகத்தின் பயிற்சி படிப்படியாக உயர்வது. மாணவர் முதலில் டார்ஜிலிங்கில் சுமையுடன் நடக்கப் பழகுவர். கயிற்றில் இடும் முடிச்சுகளைக் கண்ணை மூடியும் இடவல்லவராதல் வேண்டும். பனிப்புயலில் விரல்கள் மரத்துப்போகும்போது முடிச்சைப் பார்த்து இட இயலாது. அடுத்துப் பாறையேற்றம். இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்பொழுதும் பாறையில் ஊன்றியிருத்தல் வேண்டும். ஒன்றே இடம் பெயர்தல் வேண்டும் என்பது அதன் முதல் விதி. பின்னர் மாணவர் சிக்கிம் மாநிலத்து யுக்சம் என்னும் ஊரையும், ஜோங்ரிப் புல்வெளியையும் கடந்து, ராத்தோங் பனியாற்றை அடுத்த சௌரிகாங் என்னும் பாடியை அடைவர். அது 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அத்துணை உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. ஆதலின் விரைந்து ஏறுதல் தீது. பகலில் உயர ஏறி இரவில் தாழ்வான இடத்தில் துயின்று, உடலை மெல்ல மெல்லப் பழக்குதல் வேண்டும். தலைவலியும் மூச்சுத்திணறலும் மிகுந்தால் மேலே செல்லாது கீழே இறங்குதலே மருந்து.

பனிமேல் நடத்தல் தனியொரு கலை. பனிக்கட்டியில் கால் வழுக்காதிருக்கக் காலணியின் அடியில் இரும்பு முட்கள் பொருந்திய சட்டத்தைக் கட்டிக்கொள்வர். முட்கள் எல்லாம் ஒருங்கே பதியுமாறு அடிவைத்தல் வேண்டும். கையிலுள்ள பனிக்கோடரி ஊன்றுகோலாகவும், படி வெட்டும் கருவியாகவும், வழுக்கி வீழுங்கால் உயிர்காக்கும் தடையாகவும் பயன்படும். சரிவில் வழுக்கியவன் உடனே குப்புறத் திரும்பி, கோடரியின் கூர்முனையைப் பனியில் பதித்து, மார்பின் பாரத்தை அதன்மேல் அழுத்தி நிற்றல் வேண்டும். காலில் முட்சட்டம் இருப்பின் பாதங்களை உயர்த்திக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் முட்கள் சிக்கி உடலைத் தலைகீழாய்ப் புரட்டிவிடும். எண்ணிப் பார்த்துச் செய்ய அங்கே பொழுதிராது. ஆகவே அபாயமற்ற சிறு சரிவில் மாணவர் மீண்டும் மீண்டும் வழுக்கி வீழ்ந்து பழகுவர். வீழக் கற்றவனே வீழ்ச்சியிலிருந்து தப்புவான்.

பனியாற்றில் ஆழ்ந்த பிளவுகள் உண்டு. புதிய பனி அவற்றின்மேல் பாலம்போல மூடி மறைத்திருக்கும். அதனால் மூவரோ நால்வரோ ஒரே கயிற்றில் இணைந்து, இடையே கயிறு தொய்யாதவாறு நடத்தல் வேண்டும். முன்செல்வோன் கோடரியால் பனியைக் குத்திப் பார்த்துச் செல்வான். வெயில் ஏறினால் பனிப்பாலம் இளகும், பனிச்சரிவும் உண்டாகும். ஆதலின் பொழுது புலருமுன்னே புறப்பட்டு, வெயில் முதிருமுன் மீளுதல் மரபு. கயிற்றில் ஒருவன் செய்யும் பிழைக்கு மற்றவரும் உயிரால் விடை கூறுவர். ஒருவன் காட்டும் விழிப்பால் அனைவரும் பிழைப்பர். இதனினும் சிறந்த ஒற்றுமைப் பாடம் வேறெங்குண்டு?

டென்சிங் நூலைக் கொண்டு கற்பித்தவர் அல்லர். தாமே செய்து காட்டினார். மாணவரைச் செய்யச் சொல்லி அருகிருந்து பார்த்தார். எழுத்தறியாத அவர், பனியின் நிறத்தையும் காற்றின் திசையையும் முகிலின் போக்கையும் ஏடுபோலப் படிக்க வல்லவராயிருந்தார். அவ்வேட்டைப் படிக்கும் முறையையே இளைஞர்க்குக் காட்டினார்.

மலை எவருக்கும் விதியைத் தளர்த்துவதில்லை. இதனை 1958ஆம் ஆண்டு நிகழ்ந்த துயரம் உணர்த்திற்று. கழகத்தின் முதல்வர் ஜெயால் அவ்வாண்டு சோ ஓயு என்னும் கொடுமுடிக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் இணைய விரைந்து ஏறினார். உடல் உயரத்திற்குப் பழகுமுன் மேலே சென்றமையால் நோயுற்று உயிர் நீத்தார். ஆற்றல் மிக்க வீரரும் ஆசிரியருமாகிய அவருக்கே அந்நிலை எய்தியதெனின், பொறுமையின் இன்றியமையாமையை வேறெவ்வாறு விளக்குவது? தலைவரை இழந்த துயரோடு கழகம் தன் பணியைத் தொடர்ந்தது. டென்சிங்கும் தளராது கற்பித்தார்.

அவர் விதைத்த வித்து வீண்போகவில்லை. 1960ஆம் ஆண்டில் முதல் இந்தியக் குழு எவரெஸ்டை நோக்கிச் சென்றது. உச்சி எட்டும் தொலைவில் இருக்கையில் கடும்புயல் குறுக்கிட, அக்குழுவினர் திரும்பினர். 1962ஆம் ஆண்டிலும் உச்சி கைகூடவில்லை. 1965ஆம் ஆண்டில் எம். எஸ். கோலியின் தலைமையில் சென்ற குழுவில் ஒன்பதின்மர் உச்சியை அடைந்தனர். அவருள் ஒருவர், ரோசன்லாயில் டென்சிங்குடன் பயின்ற நவாங் கோம்பு. 1963ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழுவுடன் ஏற்கெனவே உச்சி கண்டவராதலின், எவரெஸ்டை இருமுறை அடைந்த முதல் மனிதர் என்னும் பெருமை அவருக்கு உரியதாயிற்று.

இந்திய அரசு 1959ஆம் ஆண்டில் டென்சிங்குக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1976ஆம் ஆண்டில் அவர் பணியினின்று ஓய்வு பெற்றார். 1986ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் இயற்கை எய்தினார். அவர் கற்பித்த கழகத்தின் வளாகத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பெற்றது. அங்கே பனிக்கோடரியை உயர்த்திய கோலத்தில் அவரது சிலை நிற்கின்றது.

கவரிமா மேய்த்த சிறுவன் உலகின் முடியில் நின்றது வியப்பே. அம்முடியினின்று இறங்கியவர் செருக்கின்றி மீண்டும் மாணவராய் அமர்ந்தது அதனினும் வியப்பு. கற்றது போதும் என எண்ணுபவன் ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகின்றான். கற்க வேண்டுவது இன்னும் உளது என எண்ணுபவனோ தானும் உயர்ந்து, தன்னோடு ஒரே கயிற்றில் இணைந்தாரையும் உயர்த்துகின்றான். டென்சிங் காட்டிய நெறி அதுவே ஆகும்.